முதுகுப் பக்கத்தையும் வரை, கயல்

அன்புள்ள கயல்,

வேலை கேட்டு ஸ்டூடியோக்களுக்கு அனுப்புவதற்காக நீ தொகுத்த ஓவியங்களை, அந்தப் போர்ட்ஃபோலியோவை, முழுக்கப் பார்த்துவிட்டேன். அப்பாவும் பார்த்தார். "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதம்மா, எது சரியில்லைன்னு சொல்லு" என்று கேட்டிருந்தாய். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நீ இடையில் புகுந்து பதில் சொல்லிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும்.

கேரக்டர் டிசைன், அதாவது பாத்திரங்களின் உருவத்தை வடிவமைக்கும் வேலைக்குப் போகலாமா என்று நீ கேட்கவில்லை, நானும் அதைப் பேசப்போவதில்லை. உன் அத்தைதான் "பொம்மை போடுறதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்றாள். அனிமேஷன் படம், தொடர், வீடியோ கேம், விளம்பரம், விளையாட்டுப் பொருள் என்று வரிசையாகச் சொன்னேன். "ஓ, அதையெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து யோசிக்கணுமா?" என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

படங்கள் அழகாக இருக்கின்றன. நிறம் உனக்கு நன்றாக வருகிறது, எனக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லோரும் முன்பக்கமாகவே நிற்கிறார்கள். கொஞ்சம் சாய்ந்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி. அந்த நீல மேலங்கிப் பெண்ணை எடுத்துக்கொள். அங்கி தோளில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? கொக்கியா, முடிச்சா? இடுப்பில் தொங்கும் வாள் உறை அவள் உட்காரும்போது எங்கே போகும்? பின்னலின் நுனி அங்கிக்கு உள்ளேயா வெளியேயா? மூன்றாம் பக்கத்தில் மூக்கு சப்பையாக இருக்கிறது, ஐந்தாம் பக்கத்தில் அதே பெண்ணுக்கு எடுப்பான மூக்கு.

மெஷின் டிராயிங், அதாவது இயந்திரப் பாகங்களின் வரைபடம் போட்டே காலம் கழித்தவள் நான், எனக்கு இப்படித்தான் பார்க்கத் தெரியும். நான் போட்ட ஒரு டிராயிங்கைக்கூட யாரும் சுவரில் மாட்டியதில்லை. அது ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், ஒருவர் அதைப் பார்த்து இரும்பைக் கடைவார், இன்னொருவர் பொருத்துவார். கடைகிறவர் போன் செய்து "மேடம், இந்த ஓட்டை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுவிட்டால், கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் டிராயிங் முடியவில்லை என்றுதான் அர்த்தம். உன் வேலையும் அந்த ரகம்தான் என்று எனக்குப் படுகிறது. நீ வரைவது திரைக்கு வருவதில்லை. முப்பரிமாணப் படமானால் அதைப் பார்த்து ஒரு மாடலர் உருவம் செய்வார், இன்னொருவர் அதற்குள் எலும்பும் மூட்டும் வைத்து ரிக் செய்வார், துணிக்கும் முடிக்கும் தனித்தனி ஆள், அப்புறம்தான் அனிமேட்டர் கைக்குப் போகும். கையால் வரையும் படமானால் ஒரே முகத்தைப் பலர் வரைவார்கள், எல்லாமே ஒரே ஆள் வரைந்த மாதிரி இருந்தாக வேண்டும். இத்தனை பேருக்கும் நீ எழுதும் குறிப்புதான் அந்தப் படம்.

டர்ன்அரவுண்ட் என்று நீங்கள் சொல்வது (ஒரே பாத்திரத்தை முன், முக்கால், பக்கம், முதுகு என்று திருப்பித் திருப்பி வரைவது) எங்களுடைய எலிவேஷனும் சைடு வியூவும்தான். கோபம், அழுகை, கொட்டாவி எல்லாம் காட்டும் எக்ஸ்பிரஷன் ஷீட், எல்லாப் பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் காட்டும் லைன்அப், செருப்பு வாரையும் பொத்தானையும் பெரிதாக்கிக் காட்டும் விவரப் பக்கம், இவையெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் போர்ட்ஃபோலியோவில் ஒரே ஒரு டர்ன்அரவுண்ட்தான் வைத்திருக்கிறாய், அதுவும் கடைசிப் பக்கத்தில், வேண்டாத விருந்தாளி மாதிரி. அதை முன்னால் கொண்டு வா. 1930-களின் கடைசியில் டிஸ்னியில் ஜோ கிராண்ட் தலைமையில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். தாளில் வரைந்தது போதாதென்று பாத்திரங்களைச் சின்னச் சிலைகளாகவும் செய்து அனிமேட்டர்களிடம் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்து வரையட்டும் என்றுதான். முதுகுப் பக்கத்தின் அருமை அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கட்டுப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். "ஸ்டூடியோவுக்குப் போனா கையைக் கட்டிப்போட்டுடுவாங்க" என்று பயப்படுகிறாய். கட்டத்தான் செய்வார்கள். ஆனால் உலகமே அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் சில உருவங்கள் அந்தக் கட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கின்றன. 1981-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியில் மியாமோட்டோ ஒரு வீடியோ கேமுக்காக வரைந்த ஆள்தான் பிறகு மாரியோ ஆனான். அன்றைய திரையில் ஒரு உருவத்துக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. முடி வரைய முடியாது, அதனால் தொப்பி. வாய் தெரியாது, அதனால் பெரிய மூக்கும் மீசையும். கை அசைவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் ஓவரால், தோளில் வார் வைத்த கால்சட்டை. மிக்கி மவுஸுக்கு 1929-ல் வெள்ளைக் கையுறை வந்ததும் இப்படித்தான், கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் ஒன்றுமே தெரியாது. இரண்டிலும் அழகுக்காக என்று எதையும் சேர்க்கவில்லை. உன் நீலப் பெண்ணின் காதில் மூன்று வளையம் இருக்கிறதே, எதற்கு என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்கிறதா? "சும்மா, நல்லா இருந்தது" என்றால் ஒரு அனிமேட்டர் அந்தச் சும்மாவை ஆயிரம் தடவை வரைய வேண்டியிருக்கும்.

நிழலுருவம் பற்றி நீ நீளமாக எழுதியிருந்தாய், அதில் நான் சேர்க்க அதிகமில்லை. உள்ளே முழுக்கக் கறுப்பை ஊற்றினாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்கிற சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. 2007-ல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் ஒன்பது வகை வீரர்களையும் தூரத்திலிருந்தே நிழலுருவத்தை வைத்துப் பிரித்தறியும்படி செய்தார்கள் என்று உன் குறிப்பிலேயே இருக்கிறது. அழகைவிட, "என்னைச் சுடப்போவது யார்?" என்று அரை நொடியில் தெரிவது அங்கே முக்கியம். ஆனால் வட்டம் என்றால் நல்லவர், முக்கோணம் என்றால் கெட்டவர், சதுரம் என்றால் பிடிவாதக்காரர் என்பதை வாய்ப்பாடு மாதிரி பிடித்துக்கொள்ளாதே. அது ஆரம்பத்துக்குச் சரி. அதற்கு மேல் போகவில்லை என்றால் எல்லோருடைய வில்லனும் ஒரே தாடையோடு வந்து நிற்பான்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. உன் பாத்திரங்கள் எல்லோருக்கும் ஒரே வயது. எல்லோரும் ஒல்லி. எல்லோருக்கும் அதே நீளக் கழுத்து. கிழவன் என்று ஒருவனை வரைந்திருக்கிறாய், இளைஞனுக்கு வெள்ளைத் தாடி ஒட்டின மாதிரி இருக்கிறான். முதுமை தாடியில் இல்லை கயல். முட்டி மடங்காததில் இருக்கிறது, நாற்காலியிலிருந்து எழும்போது கை முதலில் எதைத் தேடுகிறது என்பதில் இருக்கிறது. என்னைப் பார்த்தே நீ வரைந்திருக்கலாம்! உனக்குப் பிடித்த ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைகிறாய் என்று தெரிகிறது. அவர்கள் மனிதர்களைப் பார்த்து வரைந்தார்கள், நீ அவர்களைப் பார்த்து வரைகிறாய். 1932-ல் டிஸ்னி தன் அனிமேட்டர்களுக்கு டான் கிரஹாம் என்ற ஆசிரியரை வைத்து ஆள் பார்த்து வரையும் வகுப்பு நடத்தினார். கார்ட்டூன் வரைகிறவர்களுக்கு எதற்கு அது என்று அப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள். 1991-ல் வந்த பியூட்டி அண்ட் த பீஸ்ட் படத்தின் மிருகத்தை அனிமேட்டர் க்ளென் கீன் எப்படிச் சேர்த்தார் பார்: காட்டெருமைத் தலை, சிங்கப் பிடரி, கொரில்லாவின் புருவம், காட்டுப்பன்றிக் கோரைப்பல், கரடி உடம்பு, ஓநாய்க் கால். ஒவ்வொன்றையும் தனியாக அறிந்தவருக்குத்தான் இப்படிச் சேர்க்க வரும். தினமும் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்து கண்ணில் படுகிறவர்களை வரை. குழந்தை, குண்டானவர், கூன் விழுந்தவர், சுமை தூக்குகிறவர் யாராக இருந்தாலும் சரி. அந்தப் பக்கங்களில் நாலைந்தை போர்ட்ஃபோலியோவிலும் வை. பார்க்கிறவருக்கு உன் கண் எப்படிப்பட்டது என்று அதில்தான் தெரியும்.

வேலை கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றி நீ கற்பனை செய்து வைத்திருப்பது கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவளிடம் கதாநாயகியைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். கூட்டத்தில் நிற்கும் ஆட்கள், ஒரே காவலாளிக்கு ஆறு தொப்பி, ஒரு கூடை, ஒரு கைத்தடி என்றுதான் ஆரம்பிக்கும். ஆர்ட் டைரக்டர் "இன்னும் கொஞ்சம் சோகமா, ஆனா சிரிப்பு வரணும்" என்பார். வரைந்து போவாய், "பழசே பரவாயில்லை" என்பார். எங்கள் டிராயிங்கின் மூலையில், எத்தனை முறை திருத்தினோம் என்று குறிக்க ரிவிஷன் ஏ, பி, சி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் பிரிவில் நிலைக்கவில்லை. சில நேரம் உன் ஒரு வருட உழைப்பு அப்படியே பெட்டிக்குள் போகும், படமே கைவிடப்படும். வெளியானாலும் வருடங்கள் கழித்துத்தான், அதுவரை யாரிடமும் காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். படம் முடிந்தால் வேலையும் முடிகிற ஒப்பந்தம் இந்தத் துறையில் சர்வசாதாரணம். கையில் கொஞ்சம் பணம் எப்போதும் நிற்கட்டும்.

2019-ல், வீடியோ கேமிலிருந்து வந்த சோனிக் என்ற முள்ளெலியின் படத்துக்கு முன்னோட்டம் வந்ததும் அந்த முள்ளெலியின் முகத்தையும் பல்லையும் பார்த்து உலகமே கத்தியது நினைவிருக்கும். டைசன் ஹெஸ் என்ற ஓவியர் தலைமையில் உருவத்தை மாற்றினார்கள், நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குப் போனது. ரசிகர்கள் ஜெயித்த கதையாக எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். முடித்து வைத்த காட்சிகளில் மறுபடி உட்கார்ந்தவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். தாளில் தீர்க்காத சிக்கல் கீழே போகப் போக விலை கூடும், எந்தத் தொழிலிலும்.

உரிமை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சம்பளத்துக்கு நீ வரையும் உருவம் பொதுவாகக் கம்பெனியுடையது. அது நியாயமா என்று வாதம் செய்யலாம், நடைமுறை அதுதான். சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். படைத்தவர்கள் என்று பெயர் போடவும், வருடா வருடம் ஒரு தொகை தரவும் கம்பெனி ஒப்புக்கொள்ள 1975 ஆகிவிட்டது. வால்ட் டிஸ்னியே தப்பவில்லை. ஆஸ்வால்ட் என்ற முயல் அவருடைய ஸ்டூடியோ உருவாக்கியது, உரிமை யூனிவர்சலிடம் இருந்ததால் 1928-ல் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பிறந்ததுதான் மிக்கி. முயல் டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பி வந்தது 2006-ல், அதுவும் அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை என்பிசி யூனிவர்சலுக்கு விட்டுக்கொடுத்து! ஆகவே ஒப்பந்தத்தில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று ஏதாவது வரி இருந்தால் நிறுத்திப் படி. உன் சொந்தக் கதைக்கான உருவங்களைக் கம்பெனி கணினியில் வரையாதே, கம்பெனி நேரத்திலும் வரையாதே. ஏற்கெனவே இருப்பவற்றைத் தேதியோடு தனியாகப் பத்திரப்படுத்து, சேரும்போதே 'இவை என்னுடையவை' என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேள்.

கடைசியாக, நீ ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துபோன விஷயம், செயற்கை நுண்ணறிவு. 2022-ல், சொன்னதை வைத்துப் படம் உருவாக்கிக் கொடுக்கும் அந்தக் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்தன. தங்கள் படங்களைக் கேட்காமலே எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்று அந்த டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் படங்களைப் போட்டுக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் தளம் முழுக்க அவர்கள் எதிர்ப்புப் படம் போட்டார்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. "உண்மையான கலையை மெஷின் தொட முடியாது" என்று நீ சொல்வதில்தான் உடன்பாடில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும். கணினி வந்ததும் முதலில் போனவர்கள் டிரேசர்கள், மற்றவர் வரைந்ததை மையில் படியெடுத்தவர்கள். பாகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தோம். இதைச் சொல்லி உன்னைத் தேற்றிவிடலாம், ஆனால் மீதியும் இருக்கிறது. எங்களில் பலர் டிரேசராகச் சேர்ந்துதான் தொழில் கற்றோம். அந்த வேலை போனபோது ஏறிவரும் படியும் போயிற்று. தொப்பியும் கூடையும் வரையும் வேலை உனக்கு அந்த முதல் படி. அது குறைந்தால் நீ எங்கே நின்று கற்பாய்? எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்காகத்தான் உனக்கு முதுகும் கொக்கியும் பற்றி இவ்வளவு சொன்னேன். ஒரு அழகான முன்பக்கப் படம் இப்போது யாருக்கும் கிடைக்கும். அந்த அங்கியை அவள் எப்படிக் கழற்றுவாள், ஏன் அப்படிக் கழற்றுவாள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இருக்கும் வேலையை இப்போதைக்கு விடாதே, கையில் ஒப்பந்தம் வரட்டும். போர்ட்ஃபோலியோவில் இருக்கிற இருபத்தைந்து பக்கத்தைப் பாதியாக்கு. சுமாரான ஒன்று இருந்தால் அதை வைத்துத்தான் எடை போடுவார்கள். வாள் பிடித்த மூன்று பேரில் இரண்டு பேரை எடுத்துவிடு, ஒருத்தி போதும். ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் அவர்கள் செய்கிற வகைக்குத் தகுந்த மாதிரி அடுக்கி அனுப்பு. சின்னக் குழந்தைகளுக்கான தொடர் எடுப்பவர்களிடம் இரத்தம் சொட்டும் பூதத்தைக் காட்டி என்ன பயன்?

ஒப்பந்தம் எது வந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சட்டம் தெரிந்தவர் ஒருவரிடமும் காட்டிவிடலாம்.

அப்பாவுக்கு ஒன்பதாம் பக்கத்து ஆமையை ரொம்பப் பிடித்துவிட்டது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டால் கண்ணாடி எங்கே போகும் என்று கேட்கச் சொன்னார். பதில் எழுது.

அன்புடன்,
அம்மா