நூறு ரூபாய்த் தாளில் இருப்பவரைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம மொரிஷியஸ் நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகம் யாருடையது என்று தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். ரெங்கநாதன் சீனிவாசன், நம்ம ஆள். வக்கீலாக இருந்து, தொழிற்கட்சியில் சேர்ந்து, 1948 தேர்தலில் ஜெயித்து சட்டமன்றம் போனவர்.

அந்தத் தேர்தலை லேசாக நினைக்கக் கூடாது. அதுவரை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. 1947 அரசியல் சட்டம் வந்த பிறகு, தன் மொழியில் எளிய வாக்கியம் எழுதத் தெரிந்தவருக்கும் ஓட்டு என்றானது, தமிழும் அதில் சேர்த்தி, ஆகவே கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கோயில் திண்ணையில் எழுத்துப் படித்த நம் பெரியவர்களும் முதல் முறையாக வாக்குச்சாவடிக்குப் போனார்கள். சீனிவாசனைப் போன்றவர்கள் மேலே வந்தது அந்த அலையில்தான். அப்புறம் கல்வித் துறைப் பொறுப்பும் ஏற்றார். 1958-லேயே காலமாகிவிட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1968-ல் கிடைத்த சுதந்திரத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

1998-ல் ரூபாய் நோட்டில் எழுதியிருக்கும் மொழிகளின் வரிசையில் தமிழ் பின்னால் போனபோது நாமெல்லாம் கொதித்தோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். சரி, நல்லது. எழுத்துக்காக அவ்வளவு போராடிய நாம், அதே தாளில் இருப்பவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா? உங்கள் பத்திரிகையில் அவரைப் பற்றி நாலு வாரம் ஒரு தொடர் போடுங்கள், பிள்ளைகள் படிக்கும்படி எளிய தமிழில்.

ஒரு வாசகர்,
போர்ட் லூயிஸ்