பெசன்ட் நகர் மணலில் பெண்கள் அல்டிமேட்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எலியட்ஸ் கடற்கரையில் பெண்கள் அணிகள் மட்டும் ஆடிய பீச் அல்டிமேட் போட்டி, அதாவது டிஸ்க் எனும் பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து மணலில் ஆடும் போட்டி, நல்லபடியாக நடந்து முடிந்தது. கோப்பை வாங்கியவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் இல்லாத உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ அண்ணன்மாருக்கு. பீச் அல்டிமேட் களம் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இரு முனையிலும் 15 மீட்டருக்கு எண்ட் ஸோன், அதாவது உள்ளே டிஸ்க்கைப் பிடித்தால் பாயிண்ட் கிடைக்கும் பகுதி. மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது, நாடாதான் கட்ட வேண்டும். ஒரு களத்துக்கே 250 மீட்டர் பிடிக்கும். இரும்பு முளை அடித்தால், டிஸ்க்கைப் பிடிக்கப் பாய்ந்து விழும் பெண்ணின் முழங்காலைக் கிழித்துவிடும். நீங்கள் காட்டிக் கொடுத்தபடி பலகைத் துண்டில் கயிற்றைக் கட்டி ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். ஒரு மூலைகூடப் பெயரவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 79 மீட்டர் வர வேண்டும். வரும்வரை நாடாவை இழுத்துப் பிடித்து நின்றீர்கள். களத்தைக் கரையோரமாக வடக்கு தெற்காகப் போடச் சொன்னதும் நீங்கள்தான். அதனால் கடற்காற்று குறுக்கே வீசி இரு அணிகளுக்கும் ஒரே அளவு தொல்லை கொடுத்தது. கடலைப் பார்த்துப் போட்டிருந்தால் காற்றோடு எறியும் பக்கம் மட்டும் பாயிண்ட் விழுந்து ஆட்டமே கெட்டிருக்கும். தூண்டில் முள்ளும் அறுந்த வலையும் எங்கே புதைந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வெறுங்காலோடு ஓடிய அத்தனை பேரும் காயமில்லாமல் வீடு திரும்பினார்கள்.

அடுத்து, வீட்டுக் கழிப்பறையைக் காலை ஐந்து மணியிலிருந்து திறந்துவைத்த அம்மாவுக்கு. இதைச் சின்ன உதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். கழிப்பறை இல்லாத மைதானத்தில் பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இரண்டாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், மூன்றாவதில் தலை சுற்றும், அடுத்த வாரம் பயிற்சிக்கே வரமாட்டார்கள். இந்த முறை தண்ணீர் கேன்கள் மளமளவென்று காலியாயின. ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்று அளந்து ஓஆர்எஸ் கலந்து வைத்த தங்கைகளுக்கும் நன்றி. பாக்கெட்டைத் தம்ளரில் கொட்டிக் கலந்தால் உப்பு கூடிப்போய் நன்மைக்குப் பதில் கெடுதல்தான் வரும்.

பிசியோ அக்காவுக்கு என்ன சொல்வது! முழங்கால் ஏசிஎல் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மணலில் பாதம் புதைந்திருக்க உடல் மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். ஒவ்வொரு அணியையும் ஒற்றைக் காலில் குதித்து இறங்கச் சொல்லி, முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று குனிந்து பார்த்துத் திருத்தினீர்கள். வெறும் ஸ்ட்ரெச்சிங்கோடு வார்ம்அப்பை முடிக்கிற பழக்கத்தை எல்லா அணிகளும் விட வேண்டும்.

எதிரணி எவ்வளவு நேர்மையாக ஆடியது என்று ஒவ்வொரு அணியும் மதிப்பெண் போடும் ஸ்பிரிட் தாள்களை வாங்கிய மாணவிகளுக்கு: அல்டிமேட்டில் நடுவர் கிடையாது, ஃபவுலை ஆடுகிறவர்களே பேசித் தீர்க்க வேண்டும். ஆகவே ஐந்து தலைப்புகளில் 0 முதல் 4 வரை எதிரணிக்குப் போடும் மதிப்பெண் இந்த ஆட்டத்துக்கு உயிர். இயல்பான நல்ல ஆட்டத்துக்கு 2. அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் முந்தைய ஆட்டத்தில் நடந்தது குழம்பிவிடும். அதற்குள் இரு அணிகளையும் தேடிப் பிடித்து நிரப்ப வைத்தீர்கள்.

முதல் நாள் மாலை அமெரிக்க பிரீமியர் அல்டிமேட் லீக் ஆட்டங்களைத் திரையிட்ட நண்பர்களுக்கும் நன்றி. 2019இல் தொடங்கிய அந்தப் பெண்கள் லீக்கின் முதல் பட்டத்தைத் தட்டிச் சென்றது கொலம்பியாவின் மெதெயின் அணி. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து போய் வென்ற அணி என்று கேட்டதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

விடியற்காலையில் துணைக்கு வந்து வெயில் ஏறும்வரை காத்திருந்த அம்மாக்கள், அப்பாக்கள், சாப்பாடு கொடுத்த கடைக்காரர்கள், ஜெர்சி தைத்த டெய்லர் அண்ணன், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

பலகைகளையும் கயிற்றையும் கழுவிக் காயவைத்துக் குப்பத்திலேயே ஒப்படைத்துவிட்டோம். நாடாவும் டிஸ்க்குகளும் எங்களிடம் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கும் எந்தப் பள்ளியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவினர்