ஆத்தங்குடித் தரை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு புகைப்படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் கடற்கரையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் பதித்துக் கொடுத்த, செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியின் சிமெண்டுக் கல் தரையில், கம்பளம் விரித்திருந்த இடம் மட்டும் கோலமாவு சிந்தியதைப் போல வெள்ளை பூத்துக் கிடக்கிறது. படம் உண்மையானதுதான். ஆனால், "இது செட்டிநாடே அல்ல, போலிச் சரக்கு" என்று அதன் கீழே எழுதியிருப்பதைத்தான் எங்களால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாத கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்தை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அதன் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. பளபளப்புப் பூச்சிட்டுச் சுட்ட தரை ஓடுகளைப் போலன்றி இது ஈரத்தைக் குடிக்கும்; அடியிலிருந்து ஏறும் ஓதம் மேலே வந்து காயும்போது, கூடவே கொண்டுவந்த உப்பை விட்டுச் செல்லும். செட்டிநாட்டு வீட்டில் நடுவே திறந்த முற்றமும் காற்றோட்டமும் இருப்பதால் அந்த ஈரம் தங்குவதில்லை. ஜன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் ஓடுகின்ற வீட்டில், தரைமீது கம்பளமும் கிடந்தால் அதற்குப் போக வழியில்லை. அடிச்சாந்தின் ஈரம் முழுவதும் வடியுமுன்பே நாங்கள் பாலிஷ் போட்டுக் கொடுத்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். புதுமனைப் புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு அவ்வீட்டார் தினமும் இருமுறை தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இனி, 'போலி' என்ற சொல்லுக்கு வருகிறோம். செட்டிநாட்டு வீடுகள் எதையும் கலக்காமல் கட்டப்பட்டவை என்று எண்ணுவோர், காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பெரிய வீட்டின் பட்டாலை என்னும் கூடத்தில் சற்று நேரம் நின்று பார்க்கட்டும். தூண்கள் பர்மாத் தேக்கு. தளத்தில் இத்தாலியச் சலவைக்கல். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. ஆங்கிலேயரின் சுவர் ஓடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜப்பானியத் தொழிற்சாலைகள், இந்தியச் சந்தைக்கென நம் தெய்வ உருவங்களை வார்த்த ஓடுகளைச் செய்து கப்பலேற்றின. ஆத்தங்குடிக் கல்லுக்கும் மூலம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய சிமெண்டுக் கல் முறைதான். அதை உள்ளூர் மணலும் இங்குள்ளவர்களின் கைப்பழக்கமும் வேறொன்றாக்கிவிட்டன. இத்தனை நாட்டுச் சரக்கையும் கொண்டுவந்து நிரப்பியவர்கள் திண்ணையையோ முற்றத்தையோ விட்டுக்கொடுக்கவில்லை. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சும் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆகவே அதையும் வைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்தது இவ்வூரின் வெயிலுக்கும் பழக்கவழக்கத்துக்கும் ஏற்ப வளைந்தது. அப்படியிருக்க, அந்தத் தரையை 3 படுக்கையறை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக மட்டும் எங்களைப் போலி என்பது எவ்வகையில் நியாயம்? கல்லைக் கொண்டுபோனவர்கள் காற்றோட்டத்தைப் பற்றி வீட்டாரிடம் பேசத் தவறினோம். அந்தக் குறையையும் ஏற்கிறோம்.

இதற்கு முன்னும் இப்படிக் கற்றுக்கொண்டதுண்டு. முக்கால் அங்குலக் கல்லும் அதன் அடிச்சாந்துமாகத் தரை உயர்ந்து, மதுரையில் ஒரு வீட்டில் குளியலறைக் கதவு திறக்க முடியாமல் நின்றது. அன்றிலிருந்து கதவின் அடியை அளக்காமல் நாங்கள் கல் இறக்குவதில்லை. இனி ஈரம் வடியாமல் பாலிஷும் போடுவதில்லை; முகூர்த்தத்தைச் சற்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்களிடம் 11 ஆண்டுகளாகக் கல் பதித்த கொத்தனார்கள் இருவர் தைக்குப் பின் சிங்கப்பூர் சென்றுவிட்டார்கள். நல்ல சம்பளம் என்பதால் எங்களுக்கு வருத்தமில்லை. எனினும் புதியவர்களின் கை பழகும்வரை வேலை முடிய 3 வாரம் கூடுதலாகும். சிமெண்டும் நிறமியும் ஏறிவிட்டதால், சித்திரை முதல் சதுர அடிக்கு 40 ரூபாய், முன்பணம் செலுத்தியவர்களுக்கும் சேர்த்து, கூடுகிறது.

அந்தப் படம் பரவிய நாளன்றே தங்கள் வீட்டுத் தரையைப் படமெடுத்து, "எங்கள் வீட்டில் 7 ஆண்டுகளாக ஒரு குறையுமில்லை" என்று கேட்காமலேயே அக்குழுக்களில் பதிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே உங்கள் ஆறுதலால்தான்.

வெள்ளை பூத்திருந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், வண்ணமே போய்விடும். கம்பளத்தை எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஆள் அனுப்புகிறோம். புகார் எழுதிய வீட்டுக்கும் வரும் வியாழனன்று நானே செல்கிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்