புது டிசைன் இருக்கட்டும், பாதியில கிடக்குறதை முடிக்க சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மகளிர் பக்கத்துல அடிக்கடி குரோஷா, நிட்டிங் டிசைன் போடுறீங்க, எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல அந்தப் பக்கத்தை கட் பண்ணி ஃபைல் போட்டு வச்சிருக்கிற டீச்சர்ஸ் நிறைய பேர் இருக்கோம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா எப்பவும் புதுசா ஒண்ணை ஆரம்பிக்கத்தான் சொல்லித் தர்றீங்க, ஆரம்பிச்சதை முடிக்கிறதுக்கு யாருமே சொல்லித் தர்றதில்ல. எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஒரு கை மட்டும் பின்னின ஸ்வெட்டரும், ஜாயின் பண்ணாத குரோஷா சதுரங்களும் ஒரு பையில கிடக்குது. அது சோம்பேறித்தனத்தால இல்லைங்க, கடைசிக்கட்ட வேலை தெரியாததால தான்னு நான் உறுதியா நம்புறேன்.

இப்போ மார்ச் மாசம். பப்ளிக் எக்ஸாம் டியூட்டி, வீட்ல நம்ம பிள்ளைங்க பரீட்சை, அது முடிஞ்சா பேப்பர் திருத்துற வேலை, நடுவுல மாமனார் மாமியார் செக்கப்னு ஓடிக்கிட்டே இருக்கோம். இதெல்லாம் முடிஞ்சு லீவு வரட்டும், அப்புறம் ஊசியைத் தொட்டுக்கலாம்னு தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது சரியா படல. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்னா தான் நேரம் வேணும், கலர் யோசிக்கணும், அளவு எடுக்கணும், கணக்கு போடணும். பாதியில நிக்குறதுல அந்த யோசனை எல்லாம் முன்னாடியே முடிஞ்சு போச்சு, கை வேலை மட்டும் தான் பாக்கி, மூளை ஓய்ஞ்சு போய் வீட்டுக்கு வந்த சாயங்காலத்துல கூட குக்கர் விசில் வர்றதுக்குள்ள ரெண்டு வரிசை ஓட்டிடலாம். அதனால வேலை நெருக்குற மாசத்துல பழசை முடிக்கணும், லீவுல புதுசை ஆரம்பிக்கணும், இது தான் என் கட்சி.

நாங்க இருக்கிறது குன்னூர். இங்க ஸ்வெட்டர் ஆடம்பரம் இல்ல. பக்கத்துல கேத்தியில தான் 1949-ல தொடங்கின ஊசி கம்பெனி இருக்கு, நாம எல்லாரும் வாங்குற போனி ஊசி அங்க தயாராகுறது தான். அப்படிப்பட்ட ஊர்லயே முடியாத ஸ்வெட்டர் இவ்வளவு கிடக்குதேன்னு எனக்கு மனசு கேக்கல.

எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் பேரனுக்கு ஆரம்பிச்ச ஸ்வெட்டரை எடுத்துட்டு வந்தாங்க. முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடிஞ்சிருக்கு, ரெண்டாவது கை முழங்கை வரைக்கும் வந்து நிக்குது. நல்ல வேளை ஊசியை உருவாம வச்சிருந்தாங்க, 10-ம் நம்பர் ஊசி, அதாவது 3.25 மில்லிமீட்டர். ரொம்ப நாள் ஊசியிலயே இருந்த கண்ணிங்க இழுபட்டு அந்த இடத்துல ஒரு கோடு விழுந்திருந்துச்சு, அப்படியே தொடர்ந்து பின்னினா அந்தக் கோடு கடைசி வரைக்கும் தெரியும், அதனால அந்த ஒரு வரிசையை மட்டும் பிரிச்சு திரும்ப ஊசியில ஏத்தினோம். அடுத்து பார்த்தா பின்னுற இறுக்கம் மாறியிருக்கு, டென்ஷன்ல இருக்கும்போது எல்லாரும் இறுக்கித் தான் பின்னுவோம், பழைய கை மேல புதுசை வச்சு 10 சென்டிமீட்டர் அளந்து பார்த்தா கண்ணி கூடுதலா இருக்கு, 9-ம் நம்பருக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு. (நம்ம ஊர் ஊசியில நம்பர் குறையக் குறைய தான் ஊசி தடிமன், புதுசா வர்றவங்க இதுல குழம்புவாங்க.) உல்லன் பத்தல, அதே கலர் கடையில கிடைச்சுது, ஆனா லேபிள்ல லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்டதுக்கான நம்பர்) வேற, வெளிச்சத்துல பிடிச்சா லேசா வித்தியாசம் தெரிஞ்சுது, பழைய உருண்டையில ரெண்டு வரிசை, புதுசுல ரெண்டு வரிசைன்னு மாத்தி மாத்தி போட்டதும் கண்ணுக்குத் தெரியவே இல்ல. அதுக்குள்ள பேரன் வளர்ந்துட்டான், இன்னொரு டீச்சரோட மகளுக்கு குழந்தை பிறந்திருக்கு, அதுக்குப் போயிடுச்சு. இதுல ஒரு விஷயம் கூட எந்த டிசைன் பக்கத்துலயும் நான் படிச்சதில்லைங்க.

குரோஷாவும் அப்படித்தான். சதுரம் சதுரமா போடுறது எல்லாருக்கும் பிடிக்கும், ஜாயின் பண்றதும் நூல் முனைகளை உள்ள விடுறதும் தான் யாருக்கும் பிடிக்காது. முனையை 15 சென்டிமீட்டராவது விட்டு வெட்டணும், மழுங்கின முனை ஊசியில கோர்த்து ஒரு பக்கமா கொண்டு போய் திரும்ப எதிர்ப்பக்கமா கொண்டு வரணும், வெறும் முடிச்சு போட்டு விட்டா நாலு துவைப்புல அவிழ்ந்துடும். அக்ரிலிக் உல்லன் மேல சூடான அயர்ன் பாக்ஸை நேரா வச்சா சப்பையாயிடும், அது அப்புறம் எழும்பவே எழும்பாது. 2016 ஜனவரி 31-ல சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை போட்டு கின்னஸ் வாங்கினாங்களே, தனித்தனியா பின்னின போர்வைகளை ஒண்ணா ஜாயின் பண்ணதால தானே அது ஒரே போர்வையா ஆச்சு? சேர்க்காம விட்டிருந்தா அது வெறும் குவியல் தான்.

எல்லாத்தையும் முடிச்சே ஆகணும்னும் நான் சொல்லல. போட மனசு இல்லாதது, அளவு தப்பினது, இதையெல்லாம் தயங்காம பிரிச்சுடலாம். பிரிச்ச உல்லனை சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தி நாலு இடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு நிழல்ல தொங்க விட்டா சுருக்கம் போய் திரும்ப பின்னலாம். பிரிக்கிறதும் ஒரு விதத்துல முடிக்கிறது தான்.

அதனால என் வேண்டுகோள், இந்த மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசமும் புது டிசைனை நிறுத்தி வச்சுட்டு ரெண்டாவது கை, சதுரம் ஜாயின் பண்றது, பழைய உல்லனை திரும்ப எடுக்கிறது, இதையெல்லாம் படத்தோட போடுங்க. அப்புறம் வழக்கமான டிசைன் போடும்போது ஊசி நம்பரும், மொத்தம் எத்தனை கிராம் உல்லன் வேணும்னும் மறக்காம போடுங்க, ஒரே லாட்ல மொத்தமா வாங்கிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியை,
குன்னூர்