முதல் பக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. விடைத்தாள் திருத்துவதில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும் ஓர் அநீதியையும், அதைக் குறைக்கும் எளிய வேலைமுறையையும் பற்றிச் சக ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆகியோரிடம் தங்கள் நாளிதழ் வழியாகப் பேச விரும்புகிறோம்.

"முதல் பக்கத்தைப் பார்த்தாலே போதும், இது எத்தனை மார்க் பேப்பர்னு சொல்லிடலாம்." ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பல நேரம் அந்தக் கணிப்பு பலிக்கவும் செய்கிறது. ஏன் பலிக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் மனத்தில் ஓர் எண் விழுகிறது. மீதிப் பக்கங்களில் சிவப்பு மை பேனாவை நடத்துவதும் அதே எண்தான். கணிப்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவரே என்னும்போது, கணிப்பு பலித்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பத்தாம் வகுப்பு அறிவியலை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண். அதில் மனித இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விவரிக்கும் 7 மதிப்பெண் வினா ஒன்று. ஒரு தாளில் ஓரக்கோடு நேராக இருக்கிறது. துணைத் தலைப்புகள் கறுப்பு மையில், விடை நீல மையில். படம் பென்சிலில் அழகாக வரையப்பட்டு, பாகங்கள் அளவுகோல் வைத்துக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஈரிதழ் வால்வு வலப்பக்கம் என்றும் மூவிதழ் வால்வு இடப்பக்கம் என்றும் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு தாளில் அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது, வரிகள் கீழே சரிகின்றன, படம் கோணல். ஆனால் நான்கு அறைகளும் சரி, வால்வுகள் இருக்குமிடம் சரி, பெருநாளங்களும் சரி.

விடைக்குறிப்பை வரிவரியாகப் பிடித்துப் பார்த்தால் இரண்டாவது தாளுக்குத்தான் கூடுதல் மதிப்பெண் வர வேண்டும். மேசையில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. முதல் தாளில் 'ஈரிதழ்', 'மூவிதழ்' என்ற இரண்டு சொற்களும் கண்ணில் பட்டதுமே டிக் விழுந்துவிடுகிறது. வலமா இடமா என்று பார்க்கும் அந்த அரை நொடி, நல்ல தாளுக்குத் தேவையில்லை என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது. அப்படியே பிழை கண்ணில் பட்டாலும், "அவசரத்தில் மாத்தி எழுதிட்டா, தெரியாமலா இருக்கும்" என்று அரை மதிப்பெண் மட்டும் குறைத்து விட்டுவிடுகிறோம். அதே பிழை இரண்டாவது தாளில் இருந்திருந்தால், "இவனுக்கு ஒண்ணும் தெரியல" என்று முழுசாக வெட்டியிருப்போம். பிழை ஒன்றுதான். அதற்கு நாம் சொல்லும் காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. 1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்கு உடல்தகுதி, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியே போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். தனித்தனியாக இருக்க வேண்டிய மதிப்பீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு குணத்தில் நல்லவர் என்று பட்டவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம் போல ஒரு குணத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றிலும் விழுகிறது. ஒளிவட்ட விளைவு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1946-இல் சாலமன் ஆஷ் செய்த சோதனை இன்னும் நேரடியானது. ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இதே வரிசையில் கேட்டவர்கள் அவரைச் சில குறைகளுள்ள திறமைசாலி என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியிலிருந்து தலைகீழாகக் கேட்டவர்களுக்கோ, அவருடைய திறமையைக் குறைகள் மறைத்துவிட்டன. சொற்களில் எந்த மாற்றமும் இல்லை, எது முதலில் வந்தது என்பது மட்டுமே மாறியது.

"நான் நிதானமாகப் பார்ப்பேன், எனக்கு இது நடக்காது" என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரவ் இருவரும் முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் தீர்ப்புகள் பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மீதிருந்த நம்பிக்கைதான் கூடியது. ஆகவே, கவனமாகத் திருத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதால் மட்டும் இது தீராது. வேலையின் வரிசையை மாற்ற வேண்டும்.

பொருளாதார நோபல் பரிசை 2002-இல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், தம் மாணவர்களின் கட்டுரைத் தாள்களைத் திருத்தியபோது இதைத் தம்மிடமே கண்டதாக எழுதியிருக்கிறார். முதல் கட்டுரைக்கு அதிகம் போட்டால், இரண்டாவதில் தெளிவில்லாத இடங்களையும் மாணவருக்குச் சாதகமாகவே படித்திருக்கிறார். பிறகு முறையை மாற்றினார். எல்லாத் தாள்களிலும் முதல் விடையை மட்டும் திருத்தி, மதிப்பெண்ணைப் பின்னட்டையின் உட்புறம் எழுதிவிட்டு, அதன் பிறகே இரண்டாவது விடைக்குப் போனார். அப்படிச் செய்தபோது ஒரே மாணவரின் இரண்டு விடைகளுக்கும் அவர் போட்ட மதிப்பெண்கள் பல இடங்களில் வெகுவாக வேறுபட்டன. முன்பு அவருக்கு இருந்த உறுதி குலைந்தது. அந்த உறுதியே பொய்யானது என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இதை நம் பள்ளியில் செய்வது எப்படி? 40 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மை பேனாவை எடுப்பதற்கு முன் ஐந்தாறு தாள்களைச் சும்மா படித்து, பிள்ளைகள் எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு 4, 7 மதிப்பெண் வினாக்களைத் துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். இதய வினாவுக்குப் படம் 1, பாகம் குறித்தல் 1, நான்கு அறைகள் 1, வால்வுகளும் அவை இருக்குமிடமும் 2, பெருநாளங்கள் 2 என்று வைக்கலாம். 'இருக்குமிடமும்' என்ற சொல் விடைக்குறிப்பில் எழுத்தாக இருந்தால்தான் கண் அங்கே நிற்கும். எழுத்தழகுக்கு மதிப்பெண் உண்டு என்றால் அதையும் தனியாக எழுதிவிடுங்கள். இல்லை என்றால் அது எங்கும் நுழையக் கூடாது.

அடுத்து, ஒரு வினாவை எடுத்து 40 தாள்களிலும் அதை மட்டும் திருத்துங்கள். மதிப்பெண்ணை விடையின் ஓரத்தில் போடாமல், தேர்வு எண் எழுதிய தனிப் பட்டியலில் அந்த வினாவுக்குரிய கட்டத்தில் போடுங்கள். ஒரு வினா முடிந்ததும் அந்தக் கட்டத்தை மடித்து மறைத்துவிட்டு, விடைத்தாள் கட்டைச் சீட்டுக்கட்டு போலக் குலைத்து வரிசையை மாற்றுங்கள். வரிசை மாறாவிட்டால், மூன்று மோசமான விடைகளுக்குப் பின்னால் வரும் சுமாரான விடை ஒவ்வொரு முறையும் ஒரே பிள்ளையுடையதாக அமைந்து, அதற்கு மட்டும் ஆதாயம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நல்ல தாளுக்கு அடியில் மாட்டிய பிள்ளைக்கு அதே கணக்கில் நட்டம். ஒரு மதிப்பெண் வினாக்களைக் கடைசியில் திருத்துங்கள். அவற்றில் 12-க்கு 12 வாங்கிய தாள் என்பது தெரிந்தாலே ஒளிவட்டம் விழுந்துவிடும்.

ஒவ்வொரு வினாவும் முடிந்ததும், முதலில் திருத்திய மூன்று தாள்களை மறுபடி படியுங்கள். காலையில் கறாராக இருந்த கை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தளர்ந்திருக்கலாம், இறுகியும் இருக்கலாம். 7 மதிப்பெண் வினாவில் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், முதல் பத்துத் தாள்களையாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்த முறையில் கோளாறுகளும் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளைகள் வினாக்களை முன்பின்னாக எழுதினால் தேடியே நேரம் போகும். ஒவ்வொரு பகுதியையும் புதுப் பக்கத்தில் தொடங்கச் சொல்லித் தேர்வு தொடங்கும்போதே அறிவித்தால் பாதிச் சிக்கல் தீரும். தாண்டித் தாண்டித் திருத்துவதால் ஒரு விடை திருத்தப்படாமலே தங்கிவிடும் அபாயம் அதிகம். எனவே படித்த ஒவ்வொரு விடையின் முடிவிலும் ஒரு சிறு கோடு போடுங்கள். கடைசியில் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கோடில்லாத விடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டியலிலிருந்து மதிப்பெண்ணைத் தாளுக்கு மாற்றிக் கூட்டுங்கள். நேரமும் கூடும். ஒரு தாளில் வினாவைத் தேட 15 நொடி என்றால் 40 தாளுக்குப் பத்து நிமிடம். எல்லா வினாக்களுக்கும் முடியாதவர்கள் 4, 7 மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் செய்தாலும் பலன் உண்டு, ஏனென்றால் ஒருதலைச் சாய்வு நுழையும் இடம் அதுதான். ஒவ்வொரு தாளிலும் விடைக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டும் வேலை இல்லாததால் போன நேரத்தில் ஒரு பங்கு திரும்பியும் வந்துவிடும்.

பொதுத்தேர்வில் பெயரும் பள்ளியும் தெரியாதபடி முகப்புச் சீட்டைப் பிரித்துவிடுகிறார்கள். பெரிய பாதுகாப்பு அது. ஆனால் எழுதியவர் யார் என்பதை மட்டுமே அது மறைக்கிறது. தாளுக்குள்ளேயே முதல் விடையிலிருந்து ஐந்தாவது விடைக்குப் பாயும் சாய்வை அது தடுக்காது. பள்ளித் தேர்விலோ இந்த முதல் பாதுகாப்பும் இல்லை. பெயரை மடித்து ஒட்டினாலும் வகுப்பாசிரியருக்குக் கையெழுத்து தெரியும். 'அ' பிரிவுத் தாள்களை 'ஆ' பிரிவு ஆசிரியரும், அவருடையதை இவரும் திருத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. ஒரே பிரிவுள்ள பள்ளிகள் பக்கத்துப் பள்ளியோடு விடைத்தாள் கட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை பார்ப்பவருக்கும் ஒரு வார்த்தை. அமோஸ் டிவர்ஸ்கியும் கானமனும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி அமைத்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 25, 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இவ்வளவு இழுப்பு. சக ஆசிரியர் சிவப்பு மையில் போட்டு வைத்திருக்கும் 4½ எப்படி இழுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலே எழுதப்பட்ட மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே சரிபார்ப்பது கையொப்பத்துக்கு உதவும், மதிப்பீட்டுக்கு உதவாது. மேலே சொன்ன தனிப் பட்டியல் முறை இருந்தால், இரண்டாமவர் கைக்குத் தாள் மட்டும் போகும், எண் போகாது.

மேல்நிலை வகுப்புகளில் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டை நிரப்பும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே எல்லாக் கட்டங்களையும் குறுக்காக நிரப்பிவிட்டு அடுத்த பெயருக்குப் போவதுதான் வழக்கம். தார்ண்டைக் கண்ட கோளாறு அப்படியே இங்கே நடக்கும். வருகையைப் பதிவேட்டைப் பார்த்து எல்லாருக்கும் முதலில் போடுங்கள். அடுத்த நாள் ஒப்படைவு. இப்படி மேலிருந்து கீழாக நிரப்பினால், அமைதியாக இருக்கும் பிள்ளையின் ஒப்படைவும் வாயாடிப் பிள்ளையின் ஒப்படைவும் ஒரே கண்ணால் பார்க்கப்படும்.

பெற்றோருக்கு: தாள் வீட்டுக்கு வரும்போது மொத்தத்தைப் பார்த்துத் திட்டுவதற்கு முன், ஒரு 7 மதிப்பெண் விடையை விடைக்குறிப்போடு வைத்துப் பாருங்கள். குறிப்பு கையில் இல்லை என்றால் பள்ளியில் கேளுங்கள். 'எழுத்து நன்றாக இல்லை' என்பது மதிப்பெண் குறைந்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டால், எந்தத் துண்டில் எவ்வளவு குறைந்தது என்று மரியாதையோடு கேட்பது உங்கள் உரிமை.

தலைமையாசிரியர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வரும் அரையாண்டில் ஏதாவது ஒரு பாடத்தில், ஒரே ஒரு பிரிவின் தாள்களை நகலெடுத்து, ஓர் ஆசிரியர் வழக்கம்போலத் தாள் தாளாகவும் மற்றொருவர் வினா வினாவாகவும் திருத்தட்டும். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து, எந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மாறியிருக்கிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் பாருங்கள். கூடவே அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி