மேசை யார் வரைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காணொளி போடும் நம் மலேசியத் தமிழ்த் தச்சர்களைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் படங்களில் இருந்த ஒர்க்பெஞ்சுகள், அதாவது தச்சு வேலை மேசைகள், பலவும் வேறு யாரோ வரைந்தவை. அதைக் காணொளிக்காரர்களும் சொல்லவில்லை, கட்டுரையும் சொல்லவில்லை. பார்த்துச் செய்வதில் குற்றமில்லை. தச்சுத்தொழில் வளர்ந்ததே அப்படித்தான். மூலத்தை மறைத்தால் நட்டம் பார்ப்பவருக்குத்தான்.

துளை வரிசை போட்ட பிளைவுட் மேசையையே எடுத்துக்கொள்வோம். துளை 20 மில்லிமீட்டர், மையத்துக்கு மையம் 96 மில்லிமீட்டர் என்பது ஃபெஸ்டூல் என்ற கருவி நிறுவனத்தின் எம்எஃப்டி மேசையின் கணக்கு. பழைய பாணிக் கனத்த மேசைகளில் துளை பெரும்பாலும் முக்கால் அங்குலம், ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். எது எந்த வகை என்று சொல்லாமல் விட்டால், பார்ப்பவர் கையிலிருக்கும் முக்கால் அங்குலத் துளையிடும் பிட்டால் துளைத்துவிட்டு, ஷோப்பி இணையக் கடையில் 20 மில்லிமீட்டர் டாக் (துளையில் செருகி மரத்தை நகராமல் தடுக்கும் முளை) வாங்குவார். உள்ளே போகாது. அதே துளையைப் பெரிதாக்கப் பார்த்தால் பிட்டின் நடுமுனைக்குக் கவ்வ மரமில்லை. பிட் ஓடும், துளைகள் வரிசை தப்பும். துளையில் செருகி, மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கியான ஹோல்ட்ஃபாஸ்டிலும் இதே கூத்து. தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகுவதால்தான் அது பிடிக்கிறது. பலகை ஒன்றரை அங்குலக் கனமாவது வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் தாங்காது.

இன்னொன்று, பிரெஞ்சுத் தச்சர் ரூபோ 1769 முதல் வெளியிட்ட நூலில் உள்ள மேசை. காலின் முன்முகம் மேற்பலகையின் விளிம்போடு சமமாக நிற்கும். அழகுக்காகக் காலை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி "என் டிசைன்" என்கிறார்கள். ஆறடிப் பலகையின் ஓரத்தை இழைக்கும்போது ஒரு முனையை வைஸில் (மேசையில் பொருத்திய திருகுப் பிடியில்) கவ்வி, மறுமுனையை எதிர்க்காலோடு சேர்த்துப் பிடிக்கத்தான் அந்தச் சமம். உள்ளே தள்ளினால் இழைப்புளியின் ஒவ்வொரு தள்ளுக்கும் மறுமுனை ஆடும். ரூபோ என்ற பெயரை ஒரு முறை சொல்லியிருந்தால், பார்ப்பவர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

ரூபோவின் மேசை இன்று எல்லாருக்கும் பொது. வரைபடம் விற்றுப் பிழைப்பவர் கதை வேறு. நமது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் யோசனைக்கும் செய்முறைக்கும் காப்பு தருவதில்லை, வரைபடத்துக்குத் தருகிறது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய வரைபடத்தை, வெட்டு அளவுப் பட்டியலோடு திரையில் காட்டிவிட்டுக் கீழே 'நன்றி' போட்டால் போதாது. நன்றி அனுமதியாகிவிடாது.

செய்ய வேண்டியது சிறிய வேலை. மேசை முதலில் திரைக்கு வரும்போதே வாயால் சொல்ல வேண்டும். விளக்கக் குறிப்பின் முதல் இரண்டு வரியிலும் இருக்க வேண்டும், அதற்குக் கீழே யாரும் படிப்பதில்லை. யாருடைய வடிவம், வரைபடம் இலவசமா விலைக்கா, எதை ஏன் மாற்றினோம். 'இணையத்தில் பார்த்தது' என்பதெல்லாம் கணக்கில் சேராது.

மாற்றியதைத் தாராளமாகத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளட்டும். பீச் மரத்துக்குப் பதிலாக ரப்பர் மரம் போட்டவர், அதில் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் சீக்கிரம் ஏறும், மருந்தேற்றிய பலகையா என்று கேட்டு வாங்குங்கள் என்று சொன்னால், அது நமக்கு உண்மையிலேயே உதவும் சொந்தச் சரக்கு.

தங்கள் இதழும் அடுத்த முறை மேசையின் படம் போடும்போது, செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் வரைந்தவர் பெயரையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்