ஸ்னோ வந்துவிட்டது, மோட்லி ஜோடி வேண்டாம்

அன்புள்ள மொட்டை,

வீட்டில் எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். திட்டிவிட்டுப் படி. என் போவா பாம்பு ராணி குட்டி போட்டுவிட்டாள்!

உயிரோடு 21. ஸ்லக், அதாவது கருவாகாத முட்டைக் கட்டி, இரண்டு. தாயும் தகப்பனும் ஆல்பினோ, அனெரி என்ற இரண்டு நிற வகைகளுக்கும் ஹெட், அதாவது ஒவ்வொன்றின் மரபணுவிலும் ஒரு பிரதியை மட்டும் மறைவாகச் சுமப்பவை என்பது உனக்குத் தெரியும். பார்த்தால் இரண்டும் சாதாரண பழுப்புப் போவாதான். பதினாறில் ஒன்று இரண்டும் சேர்ந்த ஸ்னோவாக வர வேண்டும் என்பது கணக்கு. கணக்கு தாளில் ஒழுங்காக இருக்கும், பாம்பு அதைப் படித்துவிட்டா குட்டி போடுகிறது? ஆனாலும் இந்த முறை அதிர்ஷ்டம். சாதாரணம் 12, அனெரி 5, ஆல்பினோ 3, ஸ்னோ 1.

அந்த ஒன்றைப் பற்றி எழுத ஒரு நோட்டு வேண்டும். ஆல்பினோவில் கருமை போய்விடுகிறது, அனெரியில் சிவப்பு போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. உடம்பு இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முதுகுப் பட்டைகள் அதே இடத்தில் மங்கலாகத் தெரிகின்றன. மஞ்சள் நிறமி மட்டும் போகவில்லை, வளர வளர அது தலைகாட்டும். இன்னும் முதல் சட்டைகூட உரிக்கவில்லை, அதற்குள் இத்தனை பேசுகிறேன். நீ சன்க்ளோ வகைப் போவா பைத்தியம், ஆரஞ்சு எரிய வேண்டும் உனக்கு. எனக்கு அந்த வெள்ளி நிற அனெரிகளே போதும் என்று இருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

குண்டன் கதை தெரியுமா? ஆல்பினோ ஆண் ஒன்று, ஆல்பினோ பெண் ஒன்று வாங்கிச் சேர்த்தான். குட்டி முழுக்கப் பழுப்பு. பாம்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரே ரகளை. விசாரித்தால் ஆண் ‘கால்’ (Kahl) வகை ஆல்பினோ, பெண் ‘ஷார்ப்’ (Sharp) வகை. இரண்டும் பார்வைக்கு ஆல்பினோ, இரண்டும் ஒடுங்கு பண்பு, அதாவது ஒரே மரபணுவின் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும், ஆனால் மரபணு வேறு வேறு. ஒவ்வொரு குட்டிக்கும் இதில் ஒரு பிரதி, அதில் ஒரு பிரதி. எதுவும் வெளியே தெரியாது. எடுத்துச் சொன்னேன். என்மேலேயே பாய்ந்தான். அவனை விடு.

அப்புறம், நீ கேட்டது. மோட்லி ஆணையும் மோட்லி பெண்ணையும் சேர்க்கலாமா என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். விளையாட்டு இல்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேண்டாம்டா.

மோட்லியின் முதுகில் வட்டம் வட்டமாகக் கோர்த்த அந்த வடிவத்துக்கு மரபணு ஒரு பிரதி இருந்தாலே போதும். இரண்டு பிரதி சேர்ந்தால் சூப்பர் மோட்லி. வடிவமே மறைந்துபோன அந்தக் கரும் உடம்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொலம்பிய மோட்லியில் அந்தக் குட்டிகள் நோஞ்சானாகவே இருக்கும், வளர்ந்து பெரிதாவதில்லை என்று காலம் காலமாக வளர்ப்பவர்களே சொல்கிறார்கள். நீயே கணக்குப் போட்டுப் பார். மோட்லியைச் சாதாரணப் போவாவோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டி மோட்லி. மோட்லியை மோட்லியோடு சேர்த்தாலும் பாதிதான் மோட்லி! மிச்சப் பாதியில் ஒரு பங்கு சாதாரணம், ஒரு பங்கு சூப்பர். அதாவது இந்த ஜோடியால் உனக்குக் கூடுதலாகக் கிடைப்பது சாகப்போகிற குட்டிகள் மட்டும். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அந்தப் படத்துக்காகவா நான்கு மாதத்துக்கு மேல் ஒரு பெண் பாம்பைச் சுமக்க விடுவாய்?

உன் மோட்லிப் பெண்ணுக்கு என் ஹைப்போ ஆணை, அந்தக் கருமை குறைந்த வகையை, தருகிறேன். ஹைப்போ மோட்லி வந்தால் பின்னணி வெளுத்து, வட்டங்கள் எடுப்பாக நிற்கும். அதுவும் நீ பெருமையடிக்கத் தகுந்த பாம்புதான். ஆனால் அவனைக் கொண்டுவந்ததும் நேரே அவள் பெட்டியில் விடாதே. தனியறையில் சில மாதம் வை, உண்ணி இருக்கிறதா பார், போவாக்களுக்கு வரும் ஐபிடி என்ற வைரஸ் நோய்க்கான பரிசோதனையும் செய்துவிடு. பார்க்க நன்றாக இருக்கிற போவாவும் அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். என் பாம்புதானே என்று நம்பிவிடாதே, எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

சாதாரணமாகத் தெரிகிற 12 குட்டிகளில் இரண்டை உனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஆல்பினோவுக்கு ஹெட்டாக இருக்க 66 சதவீத வாய்ப்பு, அனெரிக்கும் அப்படியே. பழுப்பு என்று முகம் சுளிக்காதே.

ஹைப்போ வேண்டுமா என்று சீக்கிரம் எழுது. குண்டனிடம் சொல்லி அனுப்பாதே, அவன் வந்து சேர்வதற்குள் ஹைப்போ அனெரியாகிவிடும்.

உன்,
கட்டையன்